முதல் மாணவர்களின் காடு

அடையாறிலிருந்து கிண்டிக்கு சர்தார் படேல் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தச் சுவர் நன்றாகப் பழகியது. மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டினால் இடது பக்கம் மரங்கள் சுவருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரத்தில் பெரிய வாசல், காவலர்கள், பெயர்ப் பலகை. ஜன்னலோரத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மாக்கள் விரலை நீட்டி, "பெரியவனானதும் நீ அங்கதான் படிக்கணும்" என்று சொல்வதுண்டு. பிள்ளை எட்டிப் பார்ப்பதற்குள் பேருந்து காந்தி மண்டபத்துக்கு வந்துவிடும். சென்னைவாசிகளில் பெரும்பாலோருக்கு ஐ.ஐ.டி. என்பது இந்தச் சில விநாடிக் காட்சிதான். ஒரு சுவர், அதற்கு மேலே கொஞ்சம் பச்சை.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் முதலில் மாறுவது சத்தம். ஹாரன் ஒலி ஒவ்வொரு வளைவிலும் தேய்ந்துகொண்டே வந்து, ஐந்து நிமிடத்தில் காக்கையும் குயிலும் மட்டும் மிஞ்சும். வெயிலும் ஒரு படி இறங்கிவிடும். சுமார் 617 ஏக்கர் பரப்பு. கிண்டிக் காட்டிலிருந்து வெட்டி எடுத்த நிலம் இது. பக்கத்திலேயே கிண்டி தேசியப் பூங்கா இருப்பதால் காடு இன்னும் முழுதாக விலகவில்லை. ஆலமரங்கள் விழுதை ஊன்றி நிற்கின்றன. புள்ளிமான்கள் சாலையைக் கடக்கும்போது பேராசிரியராக இருந்தாலும் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் முறுக்கிய கொம்போடு வெளிமான்கூடத் தென்படும்.

1956-ல் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனபோது, இந்தியாவில் ஓர் உயர்தொழில்நுட்ப நிறுவனம் அமைக்க உதவுவதாக அந்த நாட்டு அரசு முன்வந்தது. 1959-ல் பான் நகரத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலை 31-ல் மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். முதல் அணியில் நாடு முழுவதிலுமிருந்து வந்த 120 மாணவர்கள். ஆலமரங்களுக்கு நடுவே ஓடும் ஒரு சாலைக்கு 'பான் அவென்யூ' என்று பெயர் வந்த கதை இதுதான். விடுதிகளுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டியையும் இன்றுவரை 'ஷ்ரோட்டர்' என்ற ஜெர்மன் பெயரால்தான் அழைக்கிறார்கள். அதைச் சரியாக எழுத்துக்கூட்டத் தெரிந்த மாணவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

பான் அவென்யூவும் டெல்லி அவென்யூவும் பேராசிரியர் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடி, 'கஜேந்திரா சர்க்கிள்' என்ற யானை வட்டத்தில் வந்து சேரும். அதற்குப் பிறகு வகுப்பறைகள், ஆய்வகங்கள். இன்னும் தள்ளிப் போனால் விடுதிகள். விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். காவேரி, கிருஷ்ணா, நர்மதா, கோதாவரி, தபதி, பிரம்மபுத்திரா, தாமிரபரணி, சரயு, ஷராவதி... மாணவர்கள் சாப்பிடும் பெரிய மெஸ்ஸின் பெயர் ஹிமாலயா. நதியில் உறங்கி எழுந்து, இமயமலைக்குப் போய் இட்லி சாப்பிடுகிறவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

மாணவர்கள் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே எங்கு பார்த்தாலும் சைக்கிள். காலை எட்டு மணி வகுப்புக்கு ஏழு ஐம்பதுக்குக் கிளம்பும் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்தால், அந்தக் காலத்து மில் சங்கு ஊதிய நேரம் நினைவுக்கு வரும். சைக்கிள் இல்லாதவர்களுக்கு உள்ளேயே பேருந்து உண்டு.

ஜூலை கடைசியில் இந்தச் சாலைகளில் வேறொரு கூட்டம் நடக்கும். புது மாணவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோர். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் அன்று காலை வாங்கிய பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் மக், சோப்பு டப்பா, துணி காயப்போடும் கயிறு. அப்பா கட்டண ரசீதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அம்மா அறைக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பது. குரங்குகளைப் பற்றி யாரோ எச்சரித்திருப்பார்கள். எச்சரிக்கை நியாயமானதுதான். கதவைச் சாத்தாமல் குளிக்கப் போனவரின் முறுக்கு டப்பா திரும்பி வரும்போது காலியாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்த பலகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் முதல் நண்பர் பெரும்பாலும் குரங்குதான்.

அந்தப் பக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பிள்ளைகள் சாதாரணப்பட்டவர்கள் அல்லர். ஜே.இ.இ. மெயின் தேர்வை ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அதிலிருந்து சுமார் 2.5 லட்சம் பேர் அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தகுதி பெறுகிறார்கள். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இருக்கும் இடங்கள் 18,000 அளவில். அதிலும் சென்னை ஐ.ஐ.டி., மத்திய அரசின் தரவரிசையில் 2019-லிருந்து ஒட்டுமொத்தப் பிரிவில் முதல் இடத்தில் இருக்கிறது. இங்கே இடம் கிடைத்தவர் அவர் பள்ளியில் முதல் மாணவர், அவர் தெருவில் முதல் மாணவர், சில சமயம் அவர் மாவட்டத்துக்கே முதல் மாணவர். பயிற்சி மையம் அவர் புகைப்படத்தை ஃபிளெக்ஸ் அடித்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் கட்டியிருக்கும். பெட்டிக்கடைக்காரர்கூட, "நம்ம ஊர்ப் பையன்" என்பார்.

ஆகஸ்ட் கடைசி வாக்கில் 'குவிஸ் ஒன்' வரும். பெயர்தான் குவிஸ். உண்மையில் அது அரையாண்டுக்குரிய கனமுள்ள எழுத்துத் தேர்வு. ஒரு பருவத்தில் இப்படி இரண்டு, அப்புறம் இறுதித் தேர்வு. விடைத்தாள் திரும்ப வரும்போது, வாழ்க்கையில் தொண்ணூறுக்குக் கீழே பார்த்திராத ஒருவர் முப்பதைப் பார்ப்பார். பக்கத்து இருக்கைக்காரர் எழுபது வாங்கியிருப்பார். அவர் பாடத்தைத் திறந்தே பார்த்ததில்லை என்று சாதிப்பார். பல சமயம் அது பொய். ஆனால் கேட்பவருக்கு அன்றைய ராத்திரி தூக்கம் போய்விடும்.

இங்கே மதிப்பெண்ணை விட மதிப்பெழுத்துதான் முக்கியம். 'எஸ்' என்றால் பத்துக்குப் பத்து. 'ஏ' ஒன்பது, 'பி' எட்டு என்று இறங்கி, 'இ' நான்கில் முடியும். 'யு' என்றால் தேறவில்லை. வகுப்புக்கு 85 சதவிகிதம் வராவிட்டால் 'டபிள்யு' விழும், தேர்வே எழுத முடியாது. பல பாடங்களில் எழுத்தைத் தீர்மானிப்பது தனி ஒருவரின் மதிப்பெண் அல்ல, வகுப்பு முழுக்க எப்படி எழுதியிருக்கிறது என்பது. அதாவது எல்லோரும் நன்றாக எழுதினாலும் யாரோ ஒருவர் அடியில் இருந்தே தீர வேண்டும். எல்லோரும் முதல் மாணவர்களாக இருக்கும் வகுப்பில் நாற்பதாவது மாணவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு பருவமும் ஒரு விடை வரும். பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் இன்னும் வெயிலில் வெளுத்தபடி தொங்கிக்கொண்டிருக்க, அதில் சிரிக்கும் பையன் இங்கே ஒரு 'டி'யைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

வீட்டிலிருந்து போன் வரும். "சாப்பிட்டியாப்பா? படிப்பெல்லாம் எப்படிப் போகுது?" பதில் எல்லா மொழியிலும் ஒன்றுதான்: "நல்லாப் போகுதும்மா." எத்தனையோ விடுதிகளின் மொட்டை மாடிகளிலிருந்தும் மாடிப்படிகளிலிருந்தும் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்த வாக்கியம் நாடெங்கும் போகிறது. அம்மாக்களும் நம்பிய மாதிரியே போனை வைக்கிறார்கள்.

இந்த அதிர்ச்சி எல்லோருக்கும் பொது என்றாலும் எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுத 2021-லிருந்து வழி இருக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி.க்குள் நுழைவதற்கான அட்வான்ஸ்டு தேர்வு இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்து, தமிழக அரசின் மாதிரிப் பள்ளிகள் போன்ற வழிகளில் பயிற்சி பெற்று வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்கு முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் கூடுதல்: ஒன்று ஆங்கிலம், இன்னொன்று பேசாமல் இருக்காமல் இருப்பது. 'இயக்க ஆற்றல்' என்று படித்த விஷயம் ஆசிரியர் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வரும்போது அதே விஷயம்தான் என்று மனசுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கரும்பலகையில் நான்கு வரி ஓடிவிட்டிருக்கும். கேள்வி கேட்க நினைத்தால் வாக்கியத்தை முதலில் மனசுக்குள் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மணி அடித்துவிடும். தமிழ்நாட்டின் தலைநகரத்தில், ஒரு தமிழ்ப் பிள்ளை வெளியூர்க்காரர் போல உணரும் விசித்திரம் அந்தச் சுவருக்குள் நடக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. பாட்னாவிலிருந்தோ ஜெய்ப்பூரிலிருந்தோ வந்த மாணவர் மெஸ்ஸில் மூன்றாம் வாரமே "அண்ணா, இன்னொரு தோசை" என்று கேட்கப் பழகிவிடுவார். ஆட்டோக்காரரிடம் பேரம் பேச "எவ்ளோ", "வேணாம்", "போதும்" என்ற மூன்று வார்த்தைகள் போதும் என்று மூத்த மாணவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான்கு வருடம் முடியும்போது அவருடைய தமிழ் அந்த மூன்று வார்த்தையோடு நின்றிருக்கும். அதுவும் இந்தச் சுவரின் வேலைதான். சுவருக்குள் தமிழ் இல்லாமலே காலம் தள்ள முடியும்.

அதனால்தானோ என்னவோ, இங்கே உள்ளூரிலேயே ஒரு பாஷை முளைத்துவிட்டது. நிறுவனத்தை 'இன்ஸ்டி' என்பார்கள். கூட்டம் 'ஜன்தா'. புதிதாக வந்தவர் 'ஃப்ரெஷி'. மூத்தவர் இளையவரை உட்காரவைத்து உபதேசம் செய்தால் அது 'ஃபண்டா' கொடுப்பது. உருப்போடுவது 'மக்' அடிப்பது. உற்சாகம் பாதியில் வெட்டுப்பட்டு 'என்து' ஆகிவிட்டது. ஆங்கில உடம்பு, இந்தி வால், நடுநடுவே தமிழ், தெலுங்கு, மலையாளம். ஒரு வாக்கியம் "மச்சி"யில் தொடங்கி "யார்"-ல் முடியும். இந்தக் கலவையை ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் வந்திருந்து கேட்டு, தன் முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடாகவே எழுதிவிட்டுப் போனார். பான் நகர ஒப்பந்தத்துக்குக் கிடைத்த எதிர்பாராத வட்டி இது.

சொல்லப்போனால் இந்தப் பாஷைதான் பலரை முதல் வருடத்தில் கரையேற்றுகிறது. அது யாருடைய தாய்மொழியும் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் தொடங்கிக் கற்கிறார்கள். இலக்கண ஆங்கிலத்துக்குத் தயங்குகிற பையன், இந்தப் பாஷையில் தப்பே இல்லை என்பதால் தைரியமாக வாயைத் திறக்கிறான். திறந்த வாய் பிறகு வகுப்பிலும் மெல்ல மெல்லத் திறக்கிறது.

கட்டண விஷயம் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 2016-ல் பி.டெக். படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, மெஸ் செலவு தனி. "நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹிமாலயா மெஸ்ஸில் இந்தியா முழுக்கச் சாப்பிடும். வட இந்தியச் சமையல் ஒரு பக்கம், தென்னிந்தியச் சமையல் ஒரு பக்கம். சப்பாத்திக்காரர் சாம்பாரைச் சூப் என்று நினைத்துக் குடிப்பதும், சாதத்துக்காரர் ராஜ்மாவை அவரைக் குழம்பு என்று நினைத்து ஏமாறுவதும் முதல் மாதத்துக் காட்சிகள். மெஸ் சாப்பாட்டைத் திட்டுவது இங்கே ஒரு சடங்கு. திட்டாதவரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆனால் சாப்பாட்டு மேஜை எப்போதும் வெறும் சிரிப்புக்கான இடமாக இருந்ததில்லை. 2018 டிசம்பரில் மெஸ் ஒன்றில் சைவம் சாப்பிடுவோருக்கும் அசைவம் சாப்பிடுவோருக்கும் தனித்தனி நுழைவாயில், தனித்தனி கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. நாடு முழுக்கச் செய்தியாகி, எதிர்ப்பு எழுந்த பிறகு அந்தக் காகிதங்கள் அகற்றப்பட்டன. அதற்கு முன், 2015-ல், அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரம் ரத்தானது. போராட்டங்களுக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பக் கிடைத்தது. மான்கள் மேயும் அமைதியான காடு என்பது பாதி உண்மைதான். தட்டு, சாதி, பேச்சு என்று வெளியே சண்டை நடக்கிற எல்லாமே சுவரேறிக் குதித்து உள்ளேயும் வரும்.

சனிக்கிழமை ராத்திரி வந்தால் எல்லோரும் திறந்தவெளி அரங்கத்துக்குக் கிளம்புவார்கள். 7,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய பெரிய கல் படிக்கட்டு அரங்கம் அது. அங்கே வாராவாரம் சினிமா. படத்தைவிட படத்துக்குப் படிகளிலிருந்து வருகிற வசனங்கள்தான் சுவாரஸ்யம். கதாநாயகன் அழுதால் ஆயிரம் பேர் ஆறுதல் சொல்வார்கள். வில்லன் சூத்திரம் தப்பாகச் சொன்னால் பௌதிகத் துறை மொத்தமும் கத்தும். தனி அறையில் மடிக்கணினியில் எந்தப் படத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்கிற காலத்திலும் இந்தப் படிகள் காலியாகிவிடவில்லை. ஜனவரி வந்தால் இதே அரங்கம் 'சாரங்' கலைவிழாவுக்கு மாறும். ஒரு காலத்தில் 'மார்டி கிரா' என்று இருந்த விழா 1996-ல் பெயர் மாறியது. தொழில்நுட்பத்துக்கு 'சாஸ்திரா' என்று 2000-லிருந்து தனி விழா. இந்த நாட்களில் மட்டும் நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வருவார்கள். அவர்களில் பலர் மேடையைவிட மானைத்தான் அதிகமாகப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

விழாவை நடத்துவது முழுக்க மாணவர்கள். இங்கேதான் 'டி' வாங்கிய பையனுக்கு வேறொரு கதவு திறக்கிறது. ஒலிபெருக்கிக்காரரிடம் விலை பேசத் தெரிந்தவர், மழை வந்தால் மேடையை எப்படி மூடுவது என்று யோசிக்கத் தெரிந்தவர், முந்நூறு தன்னார்வலர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணத் தெரிந்தவர் என்று வேறொரு தரவரிசை உருவாகும். விடுதி அணிக்காகக் கபடி விளையாடுகிறவரிடம் யாரும் சி.ஜி.பி.ஏ. கேட்பதில்லை. பலர் திரும்ப மூச்சு விடத் தொடங்குவது இப்படித்தான்.

எல்லோருக்கும் அந்தக் கதவு கண்ணில் படுவதில்லை. 2023-ன் முதல் சில மாதங்களில் இந்த வளாகத்திலிருந்து அடுத்தடுத்து மாணவர்களின் மரணச் செய்திகள் வந்தன. பக்கெட்டோடு வந்து விட்டுப் போன பெற்றோர் திரும்ப வந்தது எதற்காக என்று நினைத்தால் நெஞ்சு கனக்கும். ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் எழுத்தாளருமான ஜி.திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் சொல்வது வெளியே இருப்பவர்களின் அவசரம். ஆனால் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது திரும்பத் திரும்ப வருகிற விஷயம் ஒன்று உண்டு. தோற்றுப்போவது எப்படி என்று இவர்களுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. பதினேழு வயது வரை அதற்கு வாய்ப்பே வரவில்லை. இரண்டு வருடம், சிலருக்கு ஐந்து வருடம், பயிற்சி மையத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்தவர்களுக்கு நண்பன் என்றால் பக்கத்து மேஜைப் போட்டியாளன் என்றுதான் பழக்கம்.

இப்போது ஆலோசகர்கள் இருக்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவர் துணையாக இருக்கும் 'சாத்தி' என்ற ஏற்பாடும் உண்டு. அறைக் கதவைத் தட்டி, "சாப்பிடப் போலாமா?" என்று கேட்பதுதான் அந்தத் துணைவரின் முக்கியமான வேலை. ரொம்பச் சின்ன வேலையாகத் தெரியும். மூன்று நாளாக மெஸ் பக்கம் வராத ஒருவரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எந்த ஆய்வகத்திலும் கிடையாது. மனசு தாங்காத நேரத்தில் பேச மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். பிள்ளையை வெளியூரில் விட்டிருக்கும் பெற்றோர் தங்கள் போனிலும் பதிந்துவைத்துக்கொள்ளலாம். "நல்லாப் போகுதும்மா" என்ற பதிலுக்கு அடுத்ததாக, "நல்லாப் போகலைன்னாலும் பரவாயில்லை, வா" என்று ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது.

பெண்களின் கணக்கு வேறு. ஒரு காலத்தில் பொறியியல் வகுப்பில் ஐம்பது பேருக்கு நடுவே மூன்று, நான்கு பெண்கள்தான். 2018-லிருந்து எல்லா ஐ.ஐ.டி.களிலும் பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி, பங்கை 20 சதவிகிதத்துக்குக் கொண்டுவரும் முயற்சி தொடங்கியது. சரயுவும் ஷராவதியும் நிரம்பி, சபர்மதி, துங்கா, பத்ரா என்று பெண்களுக்கான நதிகள் பெருகின. "சீட்டு சும்மா கிடைச்சிருச்சு" என்று முதல் வருடத்தில் முணுமுணுக்கிற குரல்கள் இல்லாமல் இல்லை. இந்த இடங்கள் ஆண்களின் இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல, மேற்கொண்டு சேர்க்கப்பட்டவை என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்வதே ஒரு வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து தனியாக சைக்கிளில் விடுதிக்குத் திரும்ப முடிகிற இடம் சென்னையில் வேறெங்கே இருக்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். அந்தச் சுவரை அவர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பி.டெக். பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் மறந்துபோகிற ஒரு கூட்டம், ஆராய்ச்சி மாணவர்கள். பிஎச்.டி. என்று ஐந்தாறு வருடம் இங்கேயே இருப்பவர்கள். சிலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். விழா, கோப்பை, கூச்சல் எல்லாம் அடங்கிய மே மாதத்திலும் ஆய்வகத்தில் விளக்கு எரிந்தால் அது அவர்களுடையது. உதவித்தொகையில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் எத்தனை வருஷம்ப்பா படிப்ப?" என்ற உறவினர்களின் கேள்விக்கு வருடாவருடம் ஒரே பதிலைச் சொல்கிறவர்கள். வளாகத்துக்குள் இருக்கும் பீலியம்மன் கோயிலிலும் ஜலகண்டேஸ்வரர் கோயிலிலும் தேர்வுக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசை கட்டினால், சாதாரண செவ்வாய்க்கிழமையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

நகரம் இவர்களுக்கு எவ்வளவு தெரியும்? வேளச்சேரி வாசல் வழியாகப் போனால் கடைகள், சினிமா, பிரியாணி. அடையாறு பக்கம் போனால் பெசன்ட் நகர் கடற்கரை. விடிய விடியப் படித்துவிட்டு, சூரியன் உதிப்பதைப் பார்க்க நாலு பேராகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவது அநேகமாக எல்லா அணியும் ஒருமுறையாவது செய்வது. அப்புறம் சென்ட்ரல் ஸ்டேஷன், விமான நிலையம். வடசென்னையைப் பார்க்காமலே நான்கு வருடம் முடித்துப் போகிறவர்கள் நிறைய. ஆனால் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நகரமும் வளாகமும் ஒன்றாகத்தான் இருட்டில் கிடந்தன. பெரிய பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை மறித்தன. அந்த மரங்களின் அடியில் நின்று மழைக்கு ஒதுங்கிய பழைய மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து போன் போட்டு, "எங்க விடுதி எதிர்ல இருந்த ஆலமரம் நிக்குதா?" என்று கேட்டார்கள். பாடம் நடத்தியவர்களைக்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 1-ம் தேதி வேலைவாய்ப்பு நேர்காணல்கள் தொடங்கும். அதுவரை அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் திரிந்தவர்கள் விடியற்காலையில் கோட்டும் டையும் அணிந்து சைக்கிளில் போவார்கள். டை காற்றில் பின்னால் பறக்கும். அன்று ராத்திரி சில அறைகளில் கேக் வெட்டுவார்கள். சில அறைகளில் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கோடியில் சம்பளம் என்று மறுநாள் பத்திரிகையில் வருவது ஒருசிலருடைய கதை. மீதிப் பேர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பாவின் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கதை எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

மே மாதம் அறையைக் காலி செய்யும்போது பெட்டியில் அடங்காமல் நிற்பது சைக்கிள்தான். ஊருக்குக் கொண்டுபோக முடியாது. இளையவர் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். விலை பேசுவார்கள். ஆயிரத்தில் தொடங்கி ஐந்நூறில் இறங்கி, கடைசியில் ஒரு பிரியாணிக்கு முடியும். "பின் பிரேக் பிடிக்காது, முன் பிரேக்கை நம்பு. கஜேந்திரா சர்க்கிள்ல மான் நிக்கும், பார்த்துப் போ" என்று சொல்லிச் சாவியைக் கையில் வைப்பார் மூத்தவர். வாங்குகிறவர் அந்த வருடம்தான் முதல் 'யு' வாங்கியவராக இருக்கலாம். "நானும் ரெண்டாவது பருவத்துல ஒண்ணு வாங்கினேன்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு, மூத்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடுவார்.